ஸ்டையரா, மொரினியா?

எங்கள் துப்பாக்கி சுடும் ரேஞ்சில், கையிலிருக்கும் பிஸ்டலின் பிராண்டை வைத்து இரண்டு கட்சிகள். ஸ்டையர் கட்சி ஒன்று, மொரினி கட்சி ஒன்று. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பர்தினி வைத்திருக்கும் நாலைந்து பேர் சுயேச்சைகள். உள்ளே யாரும் வாய் திறக்க மாட்டோம். பயிற்சி முடிந்து, பெட்டியைப் பூட்டி, வேளச்சேரி மெயின் ரோட்டு டீக்கடையில் வந்து நின்றதும் கூட்டம் தொடங்கிவிடும். நான் ஸ்டையர். அதை மறைக்கவும் இல்லை, அதற்காக யாரையும் மதம் மாற்றவும் இல்லை. ஆனால் ஏன் ஸ்டையர் என்று கேட்டால், டீக்கடையில் சொல்லும் பதில் வேறு, உட்கார்ந்து யோசித்தால் வரும் பதில் வேறு. இது இரண்டாவது பதில்.

முதலில், எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட், 200 பார் வரை அழுத்தி அடைத்த காற்று, ஒற்றைக் கையால் நின்றபடி சுட வேண்டும். 75 நிமிடத்தில் 60 பெல்லட். பிஸ்டலின் எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது, ட்ரிகரின் எடை, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் அழுத்தம், 500 கிராமுக்குக் குறையக் கூடாது. இலக்கில் 'பத்து' என்று எண்ணப்படும் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுதான்.

அப்பார்ட்மென்ட்டில் என் பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இது க்ளாக்கா மேடம்?" சினிமாவும் வெப் சீரிஸும் செய்த வேலை. க்ளாக் ஒன்பது மில்லிமீட்டர். அந்த 'போர்', அதாவது குழலின் உள்விட்டம், இங்கே தடை செய்யப்பட்ட வகை, போலீசும் ராணுவமும் வைத்துக்கொள்ளலாம், நீங்களும் நானும் முடியாது. அமெரிக்காக்காரர்கள் க்ளாக்கா, சிக் சாவரா, பெரெட்டாவா என்று மல்லுக்கட்டுவதைப் படிக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அது அடுத்த வீட்டுப் பந்தி. சென்னையில் தற்காப்புக்கென்று உரிமம் வேண்டுமானால் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தாலும் பெரும்பாலும் .32 ரிவால்வரோ பிஸ்டலோதான். தேர்தல் அறிவித்தால் அதையும் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். 2014-ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. அரை கிலோ எடை, விலை லட்சத்துக்கு மேல், மெரூன் கலர் நகைப்பெட்டியில் வைத்து விற்றார்கள். பெண் கைக்கு ஏற்ற ஆயுதம் என்றால் பிடியை யோசிப்பார்கள் என்று பார்த்தால், பெட்டியை யோசித்திருக்கிறார்கள். அன்று வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

4.5 மில்லிமீட்டர் போர், 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் ஐந்தாறு ஜூல்தான். ஆகவே எங்கள் சண்டையெல்லாம் சட்டத்துக்கு உட்பட்ட சண்டை.

க்ளாக் பற்றி ஒரு சமாச்சாரம் மட்டும். ஸ்டையர் என்பது ஆஸ்திரியாவில் ஓர் ஊரின் பெயர், தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்யும் ஊர். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவம் புதுக் கைத்துப்பாக்கிக்குத் தேர்வு வைத்தபோது அந்த ஸ்டையர் கம்பெனியும் போட்டியில் நின்றது. அதுவரை கத்தியும் திரைச்சீலைக் கம்பியும் செய்துகொண்டிருந்த காஸ்டன் க்ளாக் வந்து ஜெயித்துவிட்டுப் போனார். எங்கள் மொரினி கட்சிக்காரப் பையன் ஒருவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இப்போது வாரம் ஒரு தடவையாவது அதை எனக்கே திருப்பிச் சொல்கிறான்.

விலைக்கு வருவோம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 28-ம் தேதி மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய மறுநாள், அவருடைய பிஸ்டல் ஒரு கோடி ரூபாய் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. என் பெரியப்பா போன் போட்டு, "ஏம்மா, உன்னோடதும் கோடியா?" என்று கேட்டார். பிறகு மனுவே ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: ஒன்றரை லட்சத்திலிருந்து ஒன்றேமுக்கால், ஒன்று எண்பத்தைந்து வரை, அதுவும் ஒரு முறை செலவு. சரியான கணக்கு. எந்தக் கட்சியானாலும் ஏறக்குறைய அதே தொகைதான், ஆகவே விலையை வைத்து பிராண்டை முடிவு செய்ய வழியில்லை. கையைக் கடிப்பது அதற்குப் பிறகு வரும் செலவு. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாக, பிஸ்டலை வாங்கிவிட்டு ஆர்.டபிள்யூ.எஸ். பெல்லட் டப்பாவின் விலையைப் பார்த்து மலைத்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

துல்லியத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. இந்த ஐந்து கம்பெனியில் எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். தொழிற்சாலையில் அந்தக் குறிப்பிட்ட பிஸ்டலை இடுக்கியில் பொருத்தி 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்ட அட்டை. ஐந்தும் சேர்ந்து ஒரே ஓட்டை. ஸ்டையர் அட்டையையும் மொரினி அட்டையையும் பெயரை மறைத்துக் காட்டினால் எங்கள் பயிற்சியாளர் சாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாநிலப் போட்டியில் 600-க்கு 540 தாண்ட மூச்சு முட்டும் எனக்கு எது வாங்கினாலும் பிஸ்டல் என்னைவிட நன்றாகத்தான் சுடும்.

அப்படியானால் எதற்கு இத்தனை வாக்குவாதம்?

ட்ரிகருக்கு. கட்சி பிரிந்ததே அங்கேதான். மொரினியின் பேர் போன மாடலான 162 இ.ஐ.-யில் ட்ரிகர் எலக்ட்ரானிக். விரல் அழுத்துவது ஒரு மின் தொடர்பை. மற்றதை பேட்டரியும் சர்க்யூட்டும் பார்த்துக்கொள்ளும். என்னிடம் இருக்கும் ஸ்டையர் எல்.பி. 10-இல் இரும்பு இரும்போடு கொக்கி போட்டு நிற்கும், விரல் அந்தக் கொக்கியை விடுவிக்கும். இரண்டிலும் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டத்தில் ட்ரிகர் லேசாக நகர்ந்து ஒரு சுவரில் போய் முட்டும். அங்கே நின்றுகொண்டு சைட்டை, அதாவது குறிபார்க்கும் முனையைப் பார்த்து, சுவரை மெல்ல அழுத்தினால் சுடும். மொரினியில் அந்தச் சுவர் கண்ணாடி உடைவதுபோலப் பட்டென்று போகும். எந்த நாளும் அதே உடைவு, மே மாதமானாலும் மார்கழியானாலும். ஸ்டையரில் சுவர் உடைவதற்கு ஒரு மயிரிழை முன்னால் விரலுக்கு ஒரு சேதி வரும். அது நிஜமா, என் கற்பனையா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சேதி வேண்டும். 'இதோ போகப்போகிறது' என்று தெரிந்தால்தான் என் தோள் அமைதியாக இருக்கும். முன்னறிவிப்பில்லாமல் போனால் அடுத்த பெல்லட்டுக்குத் தோள் முன்கூட்டியே பயந்துகொள்கிறது. என் பக்கத்து லேன் பையனுக்கு நேர் எதிர். சேதி வந்தால் அவன் விரல் அதைக் கேட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துவிடும். அவனுக்கு மொரினிதான் சரி. இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல உலகத்தில் எந்த நடுவரும் கிடையாது.

மொரினி கட்சியின் பலமான வாதம் ட்ரை ஃபயர். பெல்லட் போடாமல் வெறும் ட்ரிகரை அழுத்திப் பழகுவது. வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று செய்யும் அந்தப் பயிற்சியில்தான் பாதி ஸ்கோர் உருவாகிறது. எலக்ட்ரானிக்கில் அழுத்திக்கொண்டே போகலாம். என்னுடையதில் ஒவ்வொரு தடவையும் லீவரைத் தூக்கி காக் செய்ய, அதாவது ட்ரிகரை மறுபடி தயாராக்க வேண்டும். பையன் இதைச் சொல்லிக் கேலி செய்வான். எனக்கென்னவோ அந்த இடைவெளி பிடித்திருக்கிறது. போட்டியில் ஒவ்வொரு பெல்லட்டுக்கும் கை இறங்கித்தானே ஆக வேண்டும்? கையை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்குவதையும் சேர்த்துத்தானே பழக வேண்டும்? ஆனால் இதுவும் வாங்கின பிறகு கண்டுபிடித்த நியாயமாக இருக்கலாம். வாங்கின பொருளுக்கு வக்காலத்து வாங்குவதில் நான் கெட்டிக்காரி.

ஸ்டையர் கட்சியில் சிலர் சொல்லும் ஒரு வாதத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. "எலக்ட்ரானிக்கை நம்பாதே, டோக்கியோவில் மனுவுக்கு என்ன ஆச்சு பார்த்தல்ல?" என்பார்கள். 2021-ல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே அவர் பிஸ்டல் கோளாறாகி, நேரம் போய், 575 எடுத்து 12-வது இடத்தில் நின்றுவிட்டார். அது உண்மை. எலக்ட்ரானிக் ட்ரிகர் பழுது என்றுதான் முதலில் செய்தி வந்தது. ஆனால் உடைந்தது காக்கிங் லீவர் என்று பயிற்சியாளர் தரப்பில் சொன்னார்கள். லீவர் என்பது எல்லாப் பிஸ்டலிலும் இருக்கும் இரும்பு. பேட்டரிக்கும் அதற்கும் என்ன பகை? ஒரு பிள்ளையின் கெட்ட நாளை நம் கட்சிக்குப் போஸ்டராக ஒட்டக் கூடாது என்று ஒரு தடவை கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ட்ரிகர் பற்றி இவ்வளவு பேசினாலும், என்னை ஸ்டையரில் கொண்டுபோய் நிறுத்தியது க்ரிப்தான், கை பிடிக்கும் அந்த மரப்பிடி. அதற்கு ஒரு சின்னக் கணக்கு சொல்ல வேண்டும். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர். இலக்கு 10 மீட்டர் தள்ளி. அதாவது சைட்டில் ஒரு மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் விலகும். பத்து ஏழாகிவிடும். கை மொத்தமும் லேசாக மிதப்பது ஆபத்தில்லை, அது எல்லாருக்கும் மிதக்கும். மணிக்கட்டு மடங்குவதுதான் ஆபத்து. கண்ணை மூடி, கையைத் தூக்கி, கண்ணைத் திறந்தால் முன்சைட் பின்சைட்டின் பள்ளத்தில் தானாக நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் க்ரிப் உங்கள் கைக்கானது இல்லை. மணிக்கட்டைத் திருகிச் சரிசெய்து பத்து பெல்லட் சுடலாம். அறுபது முடியாது.

க்ளப்பில் பொதுவாக இருக்கும் பிஸ்டல்களின் க்ரிப் எல்லாம் மீடியம், லார்ஜ். வாங்கினவர்கள் ஆண்கள், அவர்கள் கைக்கு வாங்கினார்கள். எனக்கு வளையல் இரண்டே கால் சைஸ். லார்ஜ் க்ரிப்பைப் பிடித்தால் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பென்சில் போகும் இடைவெளி, ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் ட்ரிகரை எட்டிப் பிடிக்கும். "பழகிடும்மா" என்றார்கள். பழகாது. வேறொருவர் செருப்பைப் போட்டு நடக்கலாம், ஓட முடியாது என்று சாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தன் பழைய மாணவி ஒருத்தி விட்டுப்போன ஸ்மால் க்ரிப் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் பொருத்தினார். அது பொருந்திய பிஸ்டல் ஸ்டையர். அலமாரியில் இருந்தது மொரினியின் ஸ்மால் க்ரிப்பாக இருந்திருந்தால் இன்று இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். பூசி மெழுகாமல் சொன்னால் என் பிராண்ட் விசுவாசத்தின் அஸ்திவாரம் அவ்வளவுதான்.

புதுசாக வாங்கியபோது கையை வெள்ளைத்தாளில் வைத்து வரைந்து அனுப்பி ஸ்மால் சைஸ் வரவழைத்தேன். வால்நட் மரம். வந்த க்ரிப் அப்படியே யாருக்கும் பொருந்தாது. உப்புத்தாளும் எம்-சீலும் இல்லாத பிஸ்டல் பெட்டி எங்கள் ரேஞ்சில் கிடையாது. குழாய் ஒழுகினால் அடைக்கும் அதே எம்-சீல்தான். உள்ளங்கைக் குழியில் கொஞ்சம் அப்பி, ஈரமாக இருக்கும்போதே பிடித்து அச்சு எடுத்து, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி அப்பி… லட்ச ரூபாய் சாமானின் மேல் முதல் தடவை அரம் வைக்கும்போது வயிற்றைக் கலக்கும். பிறகு கூச்சம் போய்விடும். கட்டைவிரல் பக்கம் நான் ஒரு சிறு மேடு கட்டியிருக்கிறேன், மோதிர விரலுக்குக் கீழே நன்றாகவே தோண்டியிருக்கிறேன். வெளியே மங்கிய பழுப்பும் எம்-சீல் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. ஆஸ்திரியாவிலிருந்து யாராவது பார்த்தால் கண்ணீர் விடுவார்கள். விதியில் ஒன்றுதான் கவனம்: எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. அதை ஆயுதப் பரிசோதனையில் பார்ப்பார்கள்.

அப்புறம் வியர்வை. ஐரோப்பியர் எழுதும் விமர்சனங்களில் இந்த அத்தியாயமே இருக்காது. மே மாதம் ஏசி பழுதான ஒரு ரேஞ்சில் நின்று பாருங்கள், வழவழ என்று பாலிஷ் போட்ட க்ரிப்பெல்லாம் மீன் மாதிரி நழுவும். பொடிப்பொடியாகக் கொத்திவிட்ட சொரசொரப்பான மேற்பரப்பு வேண்டும். சிலர் திரவச் சாக்பீஸ் தடவுகிறார்கள். எனக்கு அது தோலை வறட்டுகிறது, ஒரு காடாத் துண்டு போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒரு தடவையாவது எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் திருகாணித் தலைகளில் துரு பூத்துவிடும். இதில் எந்த பிராண்டுக்கும் சலுகை இல்லை.

சுயேச்சைகளைப் பற்றியும் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஃபைன்வெர்க்பாவ் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் செய்வது, மௌசர் பிறந்த அதே ஊர். அவர்களுடைய பழைய ஃபைன்வெர்க்பாவ் 65, காற்று சிலிண்டர் இல்லாமல் பக்கவாட்டு லீவரை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. எங்களில் மூத்தவர்கள் பலர் அதில்தான் பழகினார்கள். இன்னும் ஒருவர் பிடிவாதமாக வைத்திருக்கிறார், அவர் சுடும் ஸ்கோரைப் பார்த்தால் எல்.பி. 10 வைத்திருக்கும் சிலர் வெட்கப்பட வேண்டும். வால்தர் என் கைக்கு முன்பக்கம் கனமாகத் தெரிகிறது, அது எடையைவிட என் தோளின் குறையாகவும் இருக்கலாம். பர்தினி அழகு. பர்தினி குடும்பத்துப் பெரியவரே பிஸ்டல் சுட்டவர் என்பது அதன் வடிவத்தில் தெரிகிறது. ஆனால் இத்தாலிக்காரர் உதிரிபாகம் அனுப்புகிறார் என்று காத்திருக்கும் நண்பரின் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

உதிரிபாகம்தான் டீக்கடையில் யாரும் பேசாத, ஆனால் பேச வேண்டிய விஷயம். காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓரிங் ஒன்று கிழிந்தால் இந்த ஊரில் யாரிடம் போவது? உங்கள் ரேஞ்சில் பத்துப் பேர் எதை வைத்திருக்கிறார்களோ, அதன் ஓரிங் யாராவது ஒருவர் பெட்டியில் இருக்கும். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஓர் அண்ணாவும் இருப்பார். உலகச் சாம்பியன் எதை வைத்திருக்கிறார் என்பதைவிடப் பக்கத்து லேனில் எது இருக்கிறது என்பது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தீர்மானிக்கும். இரண்டாம் கையாக வாங்குபவர்களும் ட்ரிகரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்க வேண்டும். அதன் ஆயுள் பொதுவாகப் பத்து வருஷம். அது முடிகிற நிலையில் இருந்தால் விலையில் குறைத்துப் பேசலாம், புது சிலிண்டர் சும்மா வராது.

2021-ல் அஜித் குமார் மாநிலப் போட்டியில் பதக்கங்களோடு நின்ற படம் வந்த பிறகு ரேஞ்சுக்குப் புதுமுகங்கள் நிறைய வந்தார்கள். பாரிஸுக்குப் பிறகு இன்னொரு அலை. அந்தத் துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, விசேஷக் கண்ணாடி கிண்ணாடி இல்லாமல் வெள்ளி வாங்கினாரே, அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். எல்லாரும் முதலில் கேட்பது, "அவர் எந்த பிராண்ட் சார்?" எங்கள் சாருக்கு ஒரே பதில்தான்: "கையைக் காட்டு." நீட்டின கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அலமாரியிலிருந்து ஏதாவதொன்றை எடுத்துக் கொடுப்பார். போன மாதம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு மொரினி கொடுத்தார். அவள் கையைத் தூக்கினதும் முன்சைட் நடுவில் வந்து நின்றது, எனக்கே தெரிந்தது.

"அக்கா, ஸ்டையர்தான் பெஸ்ட்னு சொன்னீங்களே?" என்றாள்.

"எனக்குச் சொன்னேன். நீ இதையே வெச்சுக்கோ" என்றேன். மொரினி கட்சிக்காரப் பையன் டீக்கடையில் அன்று வடை வாங்கிக் கொடுத்தான், ஓர் ஓட்டு கூடிய சந்தோஷம்.

எனக்கு அடுத்த ஆசை 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல். அது .22, உரிமம் வேண்டும், ட்ரிகர் எடையும் ஒரு கிலோ. அங்கே பர்தினிதான் பெரிய கட்சி. ஸ்மால் க்ரிப் போட்ட பர்தினி ஒன்றை யாராவது பிடித்துப் பார்க்கக் கொடுத்தால் நல்லது. கொடுக்கிறவர்கள் எம்-சீல் அப்பாமல் கொடுக்கவும்.